பச்சைமலைக் கம்பியில் ஒரு மூட்டை அரிசி

1. சனிக்கிழமை காலை ஒன்பதே காலுக்கு, பள்ளத்தின் இரு கரைகளிலும் உள்ள மரங்களுக்கு இடையே கட்டியிருந்த கம்பிக் கயிற்றைப் பார்வையிட்டேன். கனம் பன்னிரண்டு மில்லிமீட்டர். அறுந்த இழை இல்லை.
2. ஆட்களை அனுப்பும் முன் பாரம் ஏற்றிச் சோதிக்க வேண்டும் என்று சொன்னேன்.
3. போக இருந்தவர்களில் அதிகமான எடை தொண்ணூறு கிலோ. அதில் ஒன்றேகால் மடங்கு, அதாவது நூற்றுப் பன்னிரண்டரை கிலோ, சோதனைப் பாரம்.
4. மணல் கிடைக்கவில்லை. சமையலுக்கு வைத்திருந்த அரிசி, வெங்காயம், பருப்பு, பூசணிக்காய் ஆகியவற்றைக் கட்டி அனுப்பினோம்.
5. பாரத்தோடு சேர்த்துக் கட்டியிருந்த இழுகயிற்றை, நான் சொன்னதன்பேரில் அவிழ்த்தார்கள்.
6. பாரம் எதிர்க்கரையை அடையவில்லை. அதற்கு அறுபது அடி முன்னால், ஓடைக்கு மேலே நின்றுவிட்டது.
7. அன்றைய மதியச் சாப்பாடு அதில்தான் இருந்தது.
8. நான் போய் எடுத்து வந்தேன்.
9. கம்பி நூற்றுப் பன்னிரண்டரை கிலோவைத் தாங்கியது. பயன்படுத்தலாம்.

இது திங்கட்கிழமை எங்கள் பிரிவுத் தலைவரின் மேஜையில் நான் வைத்த அறிக்கை. என்னிடம் உள்ள கார்பன் பிரதியில் இருப்பதை அப்படியே கொடுத்திருக்கிறேன். ஒரு பக்கத்தில் முடிந்துவிட்டது. அதில் சேர்க்க முடியாதவை நிறைய இருக்கின்றன. காட்டுக்குள் கம்பியில் தொங்கிக்கொண்டு போனால் எப்படி இருக்கும் என்று கேன்டீனில் இன்றைக்கும் யாராவது கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரு முறை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

திருச்சிக்கு வெளியே ஒரு தொழிற்சாலையில் எனக்கு வேலை. பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவள். பாரம் தூக்கும் சாமான்களைச் சோதிக்கும் பிரிவில் இருக்கிறேன். சங்கிலி, கொக்கி, கம்பிக் கயிறு, கப்பி என்று கிரேனில் மாட்டுகிற எதுவானாலும் முதலில் எங்களிடம் வரும். அது தூக்க வேண்டிய எடையைப் போல ஒன்றேகால் மடங்கை அதில் தொங்கவிடுவோம். பத்து நிமிடம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்போம். அந்தப் பத்து நிமிடமும் பாரத்தை ஒரு கையோ, ஒரு கயிறோ, ஒரு முட்டுக்கட்டையோ தொடக் கூடாது. தொட்டால் எடையில் கொஞ்சம் அதன் பக்கம் போய்விடும், சோதனை செல்லாது. தாங்கினால் சிவப்புப் பெயின்டில் தேதி எழுதுவோம். நான்கு வருடமாக இதைத்தான் செய்கிறேன். வீட்டில் துணி உலர்த்தும் கொடியைக்கூட ஒரு முறை பிடித்துத் தொங்கிப் பார்த்துவிட்டுத்தான் போர்வையைப் போடுவேன்.

இதே வேலை வெளியூர்களிலும் உண்டு. கொதிகலன் கட்டும் இடங்களில் ('ஸைட்' என்போம்) சோதிக்க வேண்டியதெல்லாம் எட்டு மாடி உயரத்தில் இருக்கும். அங்கே போக வேண்டும் என்று நான் விண்ணப்பம் கொடுத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. விண்ணப்பம் தலைவரின் மேஜைக் கண்ணாடிக்கு அடியில், ரயில்வே கால அட்டவணைக்குப் பக்கத்தில் இருந்தது. அவர் கெட்டவர் இல்லை. ஒவ்வொரு முறை நான் ஞாபகப்படுத்தும்போதும் கண்ணாடியைத் துடைத்துவிட்டு அதைப் படிப்பார்.

"மேலே ஒரு பலகையில உக்காந்துக்கிட்டு கொக்கியைப் பாக்கணும்மா. கீழே பாத்தா மனுஷங்க எறும்பு மாதிரி தெரிவாங்க. உங்களை அனுப்பிட்டு அங்க தலை சுத்திச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"எனக்குத் தலை சுத்தாது சார்."

"எப்படித் தெரியும்? சோதிச்சுப் பாத்தீங்களா?"

எங்கள் பிரிவில் சோதிக்காத எதற்கும் பதில் கிடையாது.

அந்தச் சமயத்தில்தான் கேன்டீன் பலகையில் அறிவிப்பு ஒட்டினார்கள். தொழிற்சாலை மனமகிழ் மன்றம் வருடா வருடம் முக்கொம்புக்கோ கல்லணைக்கோ கூட்டிப்போகும். அந்த வருடம் பச்சைமலையில் மூன்று நாள் முகாம். கூடாரம், மலையேற்றம், அப்புறம் 'கானகக் கம்பிச் சவாரி'. கீழே ஒரு பட்டியல்: போர்வை, டார்ச், தட்டு, தம்ளர், தைரியம். பட்டியல் என்று எதைக் கண்டாலும் நான் நின்று படிப்பேன். கடைசிச் சொல்லைப் படித்துக்கொண்டிருந்தபோது தலைவர் டீ தம்ளரோடு பின்னால் வந்து நின்றார்.

"பேர் குடுங்க. நானும் வர்றேன். பாத்துடுவோம்" என்றார்.

ஆக, மற்ற இருபது பேருக்கு அது விடுமுறை. எனக்கு அந்தக் கம்பியின் அந்தப் பக்கத்தில், என் விண்ணப்பத்துக்கு வேண்டிய ஒரு கையெழுத்து இருந்தது.

போவதற்கு முன் இரண்டு வேலைகள். முதலாவது, பேன்ட். புடவையோடு கம்பியில் தொங்க முடியாது. சத்திரம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் டைலரிடம் போனேன்.

"அண்ணனோட அளவு பேன்ட் ஏதாவது கொண்டாந்தீங்களா?" என்று கேட்டார்.

"எனக்குத்தாங்க."

அவர் டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்து மறுபடி கழுத்திலேயே போட்டுக்கொண்டார். பிறகு உள்ளே போய்த் தன் மனைவியைக் கூட்டிவந்தார். அந்த அம்மா அளவெடுக்க, அவர் முதுகைத் திருப்பிக்கொண்டு எழுதினார். "பெல்பாட்டமெல்லாம் போயிடுச்சும்மா, இப்ப நேர் காலுதான் ஓடுது" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

இரண்டாவது, அம்மா. ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில் அம்மாவும் நானும்தான். அம்மா பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். எதையும் ஒரு முறைதான் கேட்பாள்.

"கயித்துல தொங்கறதுக்கு லீவும் குடுத்து பஸ்ஸும் வெச்சு அழைச்சுண்டு போறாளா?"

"ஆமாம்மா."

"அறுந்தா?"

"சோதிச்சுட்டுத்தான் ஏறுவேன்."

"சரி. காலம்பற கோவில்ல தாயாரைச் சேவிச்சுட்டுக் கிளம்பு. புளியோதரை நிறையவே பிசைஞ்சு தரேன். ரெண்டு நாள் தாங்கும்."

சோதிச்சுட்டுத்தான் ஏறுவேன் என்று நான் சொன்னது நினைவிருக்கட்டும். பின்னால் நடந்ததெல்லாம் அதிலிருந்து வந்ததுதான்.

வெள்ளிக்கிழமை துறையூர் வழியாகப் போய், மலை ஏறி, சாயங்காலத்துக்குள் முகாமை அடைந்தோம். பஸ்ஸில் என் பக்கத்தில் எங்கள் அலுவலகத்து டைப்பிஸ்ட் அக்கா. பாலக்கரைக்காரர். என்னைவிடப் பத்து வயது பெரியவர், வாய் மட்டும் என்னைவிடச் சின்னப் பெண்ணுக்கு உரியது. என் புது பேன்ட்டைப் பார்த்துவிட்டு, "எந்த ஊர் இன்ஸ்பெக்டரு நீ?" என்று கேட்டு, மலை உச்சி வரை அதையே கூப்பிடும் பேராக வைத்துக்கொண்டார்.

முகாமை நடத்தியவர் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். முசிறிப் பக்கம். குரலைத் தாழ்த்தவே தெரியாது. காலையில் எங்களை வரிசையாக நிற்கவைத்துக் கம்பியைக் காட்டினார். இரண்டு பாறைக் கரைகள். நடுவில் இருநூறு அடி அகலத்துக்குப் பள்ளம். அடியில் ஓடை. இந்தக் கரை உயரம், அந்தக் கரை கொஞ்சம் தாழ்வு. இந்தப் பக்கத்து மரத்திலிருந்து அந்தப் பக்கத்து மரத்துக்குக் கம்பிக் கயிறு. அதன்மேல் ஒரு கப்பி உருளும். கப்பியில் கொக்கி. கொக்கியில், இடுப்பிலும் தொடையிலும் பட்டை நாடா கட்டிய ஆள். காலைத் தூக்கினால் போதும், மீதியை மலை பார்த்துக்கொள்ளும்.

"எதிர்க்கரை கிட்ட வந்ததும் கம்பி லேசா மேல ஏறும். வேகம் தானா கொறைஞ்சிடும். அங்க கையால கம்பியைப் பிடிச்சு, இழுத்து இழுத்துப் போயி கரையில எறங்கணும். அதான் பிரேக்கு, அதான் எறங்குற எடம். புரியுதா?" என்றார். தோல் கையுறைகளை எடுத்துக் காட்டினார். கப்பியின் பின்னால் ஒரு நீளக் கயிறு கட்டியிருந்தது. ஒருவர் இறங்கியதும் கப்பியைத் திரும்ப இந்தக் கரைக்கு இழுப்பதற்கு அது.

நான் போய்க் கம்பியைப் பார்த்தேன். நல்ல கம்பி. முனைகளில் பிடிப்புகளும் சரியாகவே போட்டிருந்தார். குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் விளிம்பிலிருந்து ஒரு முறை கீழே பார்த்துவிட்டேன். மரங்களின் தலைகள் தெரிந்தன. மரத்தின் தலையை நான் அதுவரை மேலிருந்து பார்த்ததில்லை. அப்போது என் வாய் தானாகச் சொன்ன வாக்கியம் இது:

"இதுக்கு டெஸ்ட் லோடு போட்டீங்களா?"

அதில் பாதி தொழில், பாதி பயம். அறிக்கையில் தொழில் பாதியை மட்டும் எழுதியிருக்கிறேன்.

"போன மாசம் நானே பத்து தடவை போனேன் மேடம்" என்றார் ஹவில்தார்.

"உங்க எடை எவ்வளவுங்க?"

"எழுபத்தெட்டு."

எல்லோரும் ஒரே சமயத்தில் எங்கள் தலைவரைப் பார்த்தார்கள்.

"என்னை ஏன்யா பாக்குறீங்க?" என்றார் அவர்.

"சார், உங்க எடை?" என்று கேட்டேன்.

"அது எதுக்கு இப்ப?"

"ஜங்ஷன்ல எடை மெஷின்ல ஏறினா டிக்கெட்டுல வருமே சார், பின்னால ஜோசியத்தோட" என்றார் டைப்பிஸ்ட் அக்கா. "எடையைச் சொல்ல வேணாம். ஜோசியத்தை மட்டும் படிங்க, நாங்க கணக்குப் போட்டுக்கறோம்."

"தொண்ணூறு" என்றார் தலைவர். குரல் சின்னதாக இருந்தது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "அவங்க கேக்குறது சரிதான். எங்க ஆளுங்க டெஸ்ட் பண்ணாத கொக்கியில தொங்க மாட்டாங்க. பண்ணுங்க" என்றார்.

இதை வேறு எந்தக் கூட்டத்திலும் கேட்டிருக்க மாட்டார்கள். வேறு யாராவது விடுமுறைக்கு வந்திருந்தால் ஏறிப் போய்ச் சிரித்துவிட்டு வந்திருப்பார்கள். நாங்கள் இருபத்திரண்டு பேரும் எடை தேடிக் காட்டுக்குள் அலைந்தோம். பாறையை உடைக்க முடியாது. மணல் இல்லை. எடை தெரிந்த பொருள் சமையல் கூடாரத்தில் மட்டும்தான் இருந்தது. அந்த மாதத்து முகாம்களுக்கெல்லாம் சேர்த்து இறக்கிய அரிசி, பிரிக்காத மூட்டை, எழுபத்தைந்து கிலோ. வெங்காயம் இருபது. பருப்பு பத்து. இன்னும் ஏழரை வேண்டும். சமையல்காரர் தன் வில் தராசில் இரண்டு பூசணிக்காய்களை மாட்டிப் பார்த்தார். முள் ஏழரையில் நின்றது. நாங்கள் கைதட்டினோம். சமையல்காரர் மட்டும் கைதட்டவில்லை.

"இதெல்லாம் திரும்பி வந்துடும்ல?" என்றார்.

"பத்து நிமிஷம்" என்றேன்.

மூட்டையைக் கட்டிக் கப்பியில் மாட்டினோம். ஹவில்தார் இழுகயிற்றைக் கையில் எடுத்தார். இப்போது நான் செய்த தவறு.

"கயிறு வேண்டாங்க. அவிழ்த்துடுங்க."

"இருந்துட்டுப் போகுதே மேடம். பின்னால தொங்கிக்கிட்டு வரப்போவுது, அவ்வளவுதானே."

"பாரத்தை எதுவும் தொடக் கூடாது. கயிறு கொஞ்சம் இழுத்தாக்கூட எடை முழுசா கம்பிக்கு வராது. டெஸ்ட் செல்லாது."

அவர் தலைவரைப் பார்த்தார். தலைவர் தலையாட்டினார். எங்கள் பிரிவில் யாராக இருந்தாலும் தலையாட்டியிருப்பார்கள். கயிற்றை அவிழ்த்துப் போட்டார்கள்.

மூட்டை கிளம்பிய அழகை மறக்க முடியாது. கப்பி சீறியது. அரிசியும் பருப்பும் வெங்காயமும் இரண்டு பூசணியும் மரத் தலைகளுக்கு மேலே பறந்துபோயின. கம்பி நன்றாகத் தொய்ந்தது. மூட்டை தாழ்வான இடத்தைத் தாண்டி எதிர்க்கரைப் பக்கம் ஏறி, கொஞ்சம் யோசித்து, பின்னால் உருண்டு வந்தது. மறுபடி முன்னால் போனது. மறுபடி பின்னால். ஊஞ்சல் ஓய்வது போல ஓய்ந்து, கம்பியின் மிகத் தாழ்ந்த இடத்தில் நின்றது. அந்தக் கரைக்கு அறுபது அடி. இந்தக் கரைக்கு நூற்று நாற்பது.

சமையல்காரர் விளிம்புக்கு வந்து எட்டிப் பார்த்தார்.

"அதுக்குக் கை இல்லையே" என்றார் ஹவில்தார்.

ஆமாம். கடைசி தூரத்தைக் கையால் இழுத்துப் போக வேண்டும் என்று அவர் சொன்னதை நான் கேட்டேன். கேட்டுக்கொண்டே, கையில்லாத பாரத்தை அனுப்பி, திரும்ப இழுக்கும் ஒரே கயிற்றையும் அவிழ்க்கச் சொன்னேன்.

"இன்ஸ்பெக்டரம்மா, டெஸ்டு பாஸா ஃபெயிலா? ஏன்னா எனக்குப் பசிக்குது" என்றார் டைப்பிஸ்ட் அக்கா.

ஹவில்தார் இரண்டு பேரோடு சுற்றுப்பாதையில் எதிர்க்கரைக்குப் போனார். அதற்கு அரை மணி நேரம். அங்கிருந்து கயிற்று நுனியில் கல்லைக் கட்டி எறிந்து பார்த்தார்கள். எறிந்ததில் ஒரு கல் மூட்டையைத் தொட்டது. அதிலும் வெங்காயச் சாக்குதான் கிழிந்தது. வெங்காயம் ஒவ்வொன்றாக ஓடைக்குள் விழுந்தது. விழுந்து வெகு நேரம் கழித்துச் சத்தம் கேட்டது. சமையல்காரர் ஒரு பாறையில் உட்கார்ந்து அவற்றை எண்ணிக்கொண்டிருந்தார்.

இதற்குள் என் பையைத் திறந்து அம்மாவின் புளியோதரையை டைப்பிஸ்ட் அக்கா கண்டுபிடித்துவிட்டார். ஆளுக்கு ஒரு பிடி வந்தது. இரண்டு நாள் தாங்க வேண்டியது நான்கு நிமிடம் தாங்கியது.

ஹவில்தார் திரும்பி வந்து சொன்னார். முகாமில் இன்னொரு கப்பி இருக்கிறது. அதில் ஒருவர் தொங்கி, இழுகயிற்றைப் பின்னால் கட்டிக்கொண்டு, மூட்டை வரை மெதுவாக இறங்கிப் போக வேண்டும். தன் கப்பியையும் மூட்டையின் கப்பியையும் ஒரு துண்டுக் கயிற்றால் கோக்க வேண்டும், ரயில் பெட்டிகளை மாட்டுவது போல. பிறகு இங்கிருந்து எல்லோரும் சேர்ந்து இரண்டையும் இழுத்துவிடலாம்.

"எடை கம்மியான ஆளாப் பாத்துப் போகணும்" என்றார்.

என் எடை நாற்பத்தாறு. கூட்டத்தில் அதற்குக் கீழே யாரும் இல்லை. அப்படி யாராவது இருந்திருந்தாலும் அது என் மூட்டைதான். அவிழ்க்கச் சொன்னது நான்.

"நான் போறேன்" என்றேன்.

தலைவர் என்னைப் பார்த்தார். "வேணாம்மா. சாப்பாடுதானே. கீழ ஊருல வாங்கிக்கலாம்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்பில் என் விண்ணப்பம் இன்னும் எட்டு மாதம் கண்ணாடிக்கு அடியில் இருந்துவிடும் என்று எனக்குத் தெரிந்தது.

"ரெண்டு நிமிஷம் குடுங்க சார்."

முகாம் நோட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். அகலம், தொய்வு, இரண்டு எடைகளும் சேர்ந்து. கம்பியில் வரும் இழுவிசை, அது அறுந்துபோகும் பலத்தில் பத்தில் ஒரு பங்குதான் வந்தது. பயப்பட ஒன்றுமில்லை. மரங்களுக்கு மட்டும் என்னிடம் கணக்கு இல்லை. மரத்தருகே போய் அடிமரத்தைக் கையால் தட்டிப் பார்த்தேன். அதனால் ஒன்றும் தெரியாது என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் தட்டினேன்.

இனி, போக நினைப்பவர்களுக்காக.

நாடாவை நீங்கள் நினைப்பதைவிட இறுக்கமாகக் கட்டுவார்கள். கட்டிவிட்டு நிமிரச் சொன்னால் நிமிர முடியாது. அப்படித்தான் இருக்க வேண்டும். விளிம்பில் நிற்கும்போது பின்னால் நிற்பவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் யோசனை சொல்வார்கள். ஒன்றும் காதில் விழாது. குதிக்கக் கூடாது, நாற்காலியில் உட்காருவது போல உட்கார வேண்டும். உட்காரும் அந்த ஒரு நொடியில் நாற்காலி இருக்காது. அதுதான் மொத்தச் சவாரியிலும் மோசமான நொடி. அடுத்த நொடியில் நாடா உங்களைப் பிடித்துக்கொள்ளும். கண்ணை மூடினால் அதிகமாகப் பயமாக இருக்கும், திறந்தே இருங்கள்.

சத்தத்தை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. கப்பி கம்பியில் உருளும் சத்தம் தலைக்கு மேலே ஒரு சாண் தூரத்தில். ஹவில்தார் மரத்தைச் சுற்றிக் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டதால் நான் மெதுவாகத்தான் போனேன். ஆகவே அது சீறலாக இல்லாமல், கிணற்று ராட்டினம் முனகுவது போலிருந்தது. கிரீஸ் வாசனை வந்தது. தொழிற்சாலையில் தினமும் முகரும் அதே வாசனை. அது மூக்கில் பட்டதும் எனக்கு உடம்பின் இறுக்கம் விட்டுச் சரியாகிவிட்டது. நான் வேலையில் இருக்கிறேன், அவ்வளவுதான்.

கீழே பார்த்தேன். தலை சுற்றவில்லை. பலா மரம் ஒன்றின் உச்சியில், தரையிலிருந்து யாரும் பார்க்க முடியாத இடத்தில், பழுத்த இலைகள் தட்டுப் போல விரிந்திருந்தன. ஒரு மரங்கொத்தி எனக்குக் கீழே பறந்து போனது. பறவையின் முதுகை, அது பறக்கும்போது, அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மூட்டை நெருங்கியது. பூசணிக்காய் முதலில் என் முழங்காலில் இடித்தது. கப்பிகள் இரண்டும் டொக்கென்று முட்டிக்கொண்டன. துண்டுக் கயிற்றை எடுத்து, என் கப்பியில் ஒரு கொக்கி, அதன் கப்பியில் ஒரு கொக்கி மாட்டினேன். இரண்டையும் இழுத்துப் பார்த்தேன். பிறகு வழக்கப்படி கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். மூட்டை போய் ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. நான் அதன் பக்கத்துக்கு வந்து மூன்று நிமிடம்.

என்ன நினைத்தேன் என்று தெரியவில்லை. "சார்! பத்து நிமிஷம் எப்பவோ தாண்டிடுச்சு! தாங்குது!" என்று கத்தினேன்.

கரையிலிருந்து சிரிப்பு பள்ளம் முழுக்க எதிரொலித்தது. அதற்கு நடுவில் தலைவரின் குரல் மட்டும் தனியாக வந்தது.

"எழுதிக்கறேன்! நீங்க வாங்க!"

இழுக்க ஆரம்பித்தார்கள். இருபது பேர் வரிசையாக நின்று கயிற்றைப் பிடித்தார்கள். இழுப்பவர்கள் ஒரே சமயத்தில் இழுக்கவில்லை, நான் வெட்டி வெட்டி வந்தேன். அப்போது டைப்பிஸ்ட் அக்கா, ஞாயிறு தவறாமல் பாலக்கரை மாதா கோவிலில் பூசை காண்கிறவர், முன்னால் வந்து நின்றுகொண்டு, "ஸ்ரீரங்கத்துத் தேரு வருது, சும்மாவா இழுப்பீங்க? ரங்கா!" என்று கத்தினார்.

"ரங்கா!" என்று இருபது பேரும் இழுத்தார்கள்.

அப்படித்தான் கரை சேர்ந்தேன். ஒவ்வொரு ரங்காவுக்கும் ஒரு முழம். பின்னால் அரிசி.

சாப்பிடும்போது மூன்றரை மணி. சாம்பாரில் வெங்காயத்தைத் தேட வேண்டியிருந்தது. அதைப் பற்றிச் சமையல்காரரிடம் யாரும் கேட்கவில்லை. சாயங்காலம் எல்லோரும் ஒருவர் பின் ஒருவராகக் கம்பியில் போனார்கள். இழுகயிற்றை யாரும் அவிழ்க்கவில்லை. தலைவரும் போனார். "என் எடைக்குத்தானே இவ்வளவும் பண்ணோம், போகலைன்னா நல்லா இருக்காது" என்றார். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு போனார். சட்டைப் பையிலிருந்த பேனா ஓடைக்குள், வெங்காயங்களோடு போய்ச் சேர்ந்தது. நான் இரண்டாவது முறை போனேன், இந்த முறை மூட்டை இல்லாமல், முழு வேகத்தில். அதைப் பற்றி எழுதுவதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. நன்றாக இருந்தது. மூன்றாவது முறையும் போனேன்.

ஞாயிறு சாயங்காலம் சத்திரத்தில் இறங்கி ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன்.

"தாங்கித்தா?" என்றாள் அம்மா.

"தாங்கித்து."

"புளியோதரை?"

"அது தாங்கலை."

திங்கட்கிழமை அறிக்கையை வைத்தேன். தலைவர் ஒன்று முதல் ஒன்பது வரை நிதானமாகப் படித்தார். புதுப் பேனா வைத்திருந்தார். ஐந்தாவது வரியில் நிறுத்தினார்.

"கயித்தை அவிழ்த்தது தப்பு."

"ஆமா சார்."

"நானும் தலையாட்டினேன். அதையும் போட்டிருக்கலாம்."

"கையெழுத்துப் போடறவர் பேர் கீழ வந்துடும் சார்."

அவர் சிரிக்கவில்லை. ஒன்பதாவது வரிக்குப் போனார். சிவப்புப் பென்சிலை எடுத்து, நூற்றுப் பன்னிரண்டரை என்பதை அடித்துவிட்டு, மேலே நூற்று ஐம்பத்தெட்டரை, கழிவு: விழுந்த வெங்காயம் என்று எழுதினார்.

"மூட்டையோட நீங்களும் தொங்கினீங்கல்ல? உங்க நாப்பத்தாறைச் சேக்காம விட்டுட்டீங்க. கம்பி தாங்கினது ரெண்டையும். ஸைட்ல இந்த மாதிரி விட்டுட்டு எழுதாதீங்க."

ஸைட்ல என்றுதான் சொன்னார். நான் சரிங்க சார் என்று சொல்லிவிட்டு என் மேஜைக்கு வந்து உட்கார்ந்தேன். அதன் பிறகுதான் அவர் என்ன சொன்னார் என்பது எனக்குப் புரிந்தது. திரும்பிப் பார்த்தேன். மேஜைக் கண்ணாடியை ஒரு ஓரமாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் அடியிலிருந்த காகிதத்தை வெளியே இழுத்துக்கொண்டிருந்தார்.

என்னிடம் இருக்கும் கார்பன் பிரதியில் அந்தத் திருத்தம் கிடையாது. அதனால்தான் மேலே பழைய எண்ணே இருக்கிறது.

இன்றைய நிலை இது. விண்ணப்பத்தில் கையெழுத்தாகிவிட்டது. வரும் மாதம் முதல் தேதி நான் வேலைக்குச் சேர வேண்டிய இடம் இங்கிருந்து ஒரு ராத்திரி ரயில் தூரம். அம்மா சரி என்று சொல்லிவிட்டாள், பெட்டிக்குப் பூட்டும் வாங்கிவிட்டாள். டைலர் இன்னும் இரண்டு பேன்ட் தைக்கிறார், இந்த முறை சுவரைப் பார்க்காமல். பச்சைமலையில் இழுகயிற்றைக் கப்பியோடு நிரந்தரமாக முடிச்சுப் போட்டு, பக்கத்தில் சிவப்புப் பெயின்டில் 'அவிழ்க்காதே' என்று எழுதிவிட்டதாக ஹவில்தார் கார்டு போட்டிருக்கிறார்.